பட்டியலும் கண்ணீரும்

(ஐரோலியில் சங்கத்தின் பேச்சாளர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



கேட்பவர் உள்ளத்தில் உணர்ச்சியைத் தூண்டிப் பேசுவதும் எழுதுவதும் சரியா, தவறா என்பதைப் பற்றிச் சொல்லும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். நான் மெட்ரிக் வரை படித்தவன், ரயில்வேயில் குமாஸ்தா. மேடைக்கலை பற்றிய நூல்களை அலசிப் பேசுகிற தகுதி எனக்கில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாக மனு எழுதுகிறேன், துண்டறிக்கை எழுதுகிறேன், சால் வாசலில் நின்று பேசுகிறேன். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் பேச வந்திருக்கிறேன்.

தண்டவாள வேலையில் கேங்மேன் ஒருவர் ரயில் மோதி இறந்துபோகிறார். அவருடைய மனைவி கருணை அடிப்படையில் வேலை கேட்டு மனுப் போடுகிறார். யாரோ எழுதிக்கொடுத்த மனு. "திக்கற்ற அபலையாகிய நான் கண்ணீரும் கம்பலையுமாக ஐயா அவர்களின் பொற்பாதங்களில் விழுந்து..." என்று இரண்டு பக்கம் போகும். இறந்த தேதி இருக்காது. பி.எஃப். நம்பர் இருக்காது. எந்தப் பிரிவில், எந்த ஸ்டேஷனுக்கு அருகில் என்பது இருக்காது. இப்படிப்பட்ட மனுக்களைப் பார்த்துப் பார்த்து அதிகாரிக்குக் கண் மரத்துப்போயிருக்கும். நான் எழுதினால் பெயர், நம்பர், தேதி, விபத்து நடந்த கிலோமீட்டர் கல், அப்புறம் ஒரு வரி: "மூத்தவனுக்குப் பதினொரு வயது, கடைசிக் குழந்தைக்கு எட்டு மாதம்." எட்டு மாதம் என்று படித்தபிறகு கண்ணீர் என்ற சொல் எதற்கு?

இது நான் கண்டுபிடித்ததல்ல. நம் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. பாண்டியன் சபையில் கண்ணகி தலைவிரி கோலமாக நின்று குமுறினாள், உண்மைதான். ஆனால் வழக்கு எதனால் முடிந்தது? தன் தேவியின் சிலம்புக்குள் முத்து என்கிறான் அரசன். என் சிலம்புக்குள் மாணிக்கம் என்று சொல்லி உடைத்துக் காட்டுகிறாள் அவள். அந்தப் பரல் தெறித்த பிறகுதான் அரசன் தன் தவற்றை உணர்ந்து உயிரை விடுகிறான். கூட்டங்களில் நாம் கண்ணகியின் கோபத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். அவள் கையில் இருந்த சாட்சியத்தை யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் விவரத்தைச் சொன்னால் போதும், அது நேர்மையான பேச்சாகிவிடும் என்று நினைக்கிற படித்த தோழர்கள் நம்மிடையே சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த பம்பாயின் வரலாற்றிலிருந்து ஒன்றை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1960-ல் பால் தாக்கரே 'மார்மிக்' என்ற மராத்திக் கேலிச்சித்திர வார ஏட்டைத் தொடங்கினார். பின்னர் அதில் ஒரு பகுதி வரலாயிற்று. அதில் கட்டுரை இல்லை, வசை கூட இல்லை. கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்யும் தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியல், அவ்வளவுதான். டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி எடுத்த பெயர்களும் அதில் உண்டு. தலைப்பு மட்டும் 'வாசா ஆணி தண்ட் பஸா', அதாவது படியுங்கள், சும்மா உட்கார்ந்திருங்கள். கொஞ்ச காலம் கழித்துத் தலைப்பு மாறியது: 'வாசா ஆணி உடா', படியுங்கள், எழுந்திருங்கள். 1966 ஜூன் 19-ல் சிவசேனை பிறந்தது. அந்த அக்டோபரில் சிவாஜி பார்க் நிரம்பி வழிந்தது. 'பஜாவ் புங்கி, ஹட்டாவ் லுங்கி' என்ற கோஷம் தெருவுக்கு வந்தது.

பாருங்கள் தோழர்களே, இந்த நகரத்தை அதிகமாகக் கொதிக்க வைத்த எழுத்தில் ஓர் உணர்ச்சிச் சொல்கூட இல்லை. ராமன், கிருஷ்ணன், நாயர், ஐயர், மேனன் என்று வரிசையாகப் பெயர்கள். படிக்கிறவன் வேலையில்லாத மராத்தி இளைஞன். அவன் வயிற்றெரிச்சல் பொய்யல்ல. மாநிலம் கிடைத்தும் வேலை கிடைக்காத காலம் அது. அந்த எரிச்சலுக்கு ஒரு முகவரி கொடுத்தது பட்டியல்.

பட்டியலில் இருந்த பெயர்களில் பல உண்மையானவையாகவே இருக்கலாம். இல்லாமல் போனது எது என்று கேட்க வேண்டும். அந்தக் கம்பெனியில் மொத்தம் எத்தனை பேர்? முதலாளி யார்? ஆள் எடுக்கிறவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. பட்டியலில் வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்த அதிகாரியும் குமாஸ்தாவும் டைப்பிஸ்ட்டும். அடி வாங்கியது உடுப்பி ஓட்டலும் நடைபாதைக் கடையும். உடுப்பி ஓட்டல்காரர் துளுவோ கன்னடமோ பேசுகிறவர். அதெல்லாம் யார் பார்த்தார்கள்? எல்லோரும் 'மதராசி'.

ஷேக்ஸ்பியரின் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆண்டனி பேசிக் கூட்டத்தைக் கிளப்பிவிட்ட பிறகு ஒரு சின்னக் காட்சி வருகிறது. பள்ளிக்கூடத்தில் ஆண்டனியின் பேச்சை மனப்பாடம் செய்யச் சொல்வார்கள், இந்தக் காட்சியை விட்டுவிடுவார்கள். சின்னா என்ற கவிஞனைக் கூட்டம் பிடித்துக்கொள்கிறது. சதிகாரர்களில் ஒருவன் பெயரும் சின்னா. நான் அவனில்லை, கவிஞன் என்று கதறுகிறான். பெயர் ஒன்றுதானே என்று கிழித்துப் போடுகிறார்கள்.

1982 ஜனவரி 18 அன்று இந்த நகரத்தின் ஜவுளித் தொழிலாளர் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பெரும்பாலோர் மராத்தி மக்கள். போராட்டம் முறிந்தது, மில்கள் ஒவ்வொன்றாக மூடின, அந்த நிலத்தில் இன்று மால்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. எந்த மதராசி டைப்பிஸ்ட்டும் அந்த மில்களைப் பூட்டவில்லை. பூட்டியவர்களின் பெயரைப் பதினாறு வருடத்துக்கு முன் யாரும் பட்டியல் போட்டிருக்கவில்லை.

இதையெல்லாம் கேட்டு, நாம் பாதிக்கப்பட்டவர்கள் என்று மட்டும் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டாம். 2008 அக்டோபர் 19 அன்று ரயில்வே தேர்வு வாரியத் தேர்வை எழுத உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளை மகாராஷ்டிர நவநிர்மாண் சேனைத் தொண்டர்கள் இந்த நகரத்தில் தேர்வு மையங்களில் அடித்தார்கள். அன்றைக்கு, 'நல்லவேளை, லுங்கி போய் பையா வந்தான்' என்று சிரித்த தமிழர்களை நான் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்லமாட்டேன்; இந்தப் பக்கத்து ஆட்கள்தான்.

இப்போது நம் மேஜை மேல் இருக்கும் காகிதத்துக்கு வருகிறேன். தாராவி மறுசீரமைப்பு பற்றிய துண்டறிக்கையின் நகல் எல்லோர் கையிலும் இருக்கிறது. எழுதிய தம்பி நன்றாக உழைத்திருக்கிறார். ஆனால் இரண்டு வரிகளை எடுக்கச் சொல்கிறேன். 'உயிரே போனாலும் ஒரு பிடி மண்ணையும் விடோம்' என்பது ஒன்று. யார் உயிர்? பேசிவிட்டு நாம் தாணா போய் ஐரோலிக்கு டிரெயின் மாறிவிடுவோம். வீட்டுக்காரி அங்கேயே இருப்பாள். இரண்டாவது, 'நேற்று வந்த வடநாட்டானுக்கும் நமக்கும் ஒரே நீதியா' என்ற வரி. இது 'வாசா ஆணி உடா'வின் தமிழாக்கம். கைதட்டல் கிடைக்கும், அதே அடுத்த சால்காரர் நம் கூட்டத்துக்கு வரமாட்டார்.

அந்த இடத்தில் என்ன எழுதலாம்? அறிவித்த திட்டப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பின் 2011 வரை வந்தவருக்கு வெளியே, இரண்டரை லட்ச ரூபாய்க்கு. மாடி அறையில் இருப்பவருக்கு, 2022 நவம்பர் 15-க்கு முன் வந்திருந்தால், வாடகை முறையில் வெளியே ஒரு வீடு. வெளியே என்றால் எங்கே? இதோ நம் பாலத்துக்கு அந்தப் பக்கம், முலுண்டு, பாண்டுப், காஞ்சூர்மார்க் உப்பளங்கள். 2024-ல் அரசு 255.9 ஏக்கரை இதற்கென்று தீர்மானித்தது. முலுண்டுவாசிகள் 'தாராவிக்காரர்கள் வருகிறார்கள்' என்று எதிர்ப்புக் கிளப்பினார்கள். ஐரோலியிலும் அந்தக் குரல் கேட்கிறது, தமிழிலேயே கேட்கிறது.

மாடியறையில் குடியிருந்து, விடியற்காலையில் எழுந்து இட்லி அவித்து, கீழே 90 அடி ரோட்டில் விற்கிற ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஏணிக்குக் கீழே இருப்பவருக்குத் தாராவி, மேலே இருப்பவருக்கு உப்பளம். அங்கே அவளுக்குச் சுவர் கிடைக்கும். காலை ஆறு மணிக்கு இட்லி வாங்க வருகிறவர் கிடைப்பாரா? இதை எழுதுங்கள் தம்பி. மண், மானம், உயிர் எதுவும் சேர்க்க வேண்டாம்.

ஆனால் இதை எழுத, எத்தனை மாடி அறைகள், எத்தனை குடும்பங்கள் என்ற கணக்கு நம் கையில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நோட்டுப் புத்தகத்தோடு ஆறு பேர் வேண்டும், மராத்தியும் இந்தியும் எழுதத் தெரிந்தவர் இருவராவது இருக்க வேண்டும். பெயரும், எந்த வருடத்திலிருந்து குடியிருக்கிறார், என்ன தொழில் என்பதும் எழுதினால் போதும். சொந்த ஊர் எது என்று கேட்க வேண்டாம்.