கிழக்கா, மேற்கா?



தில்லியில் எங்கள் அண்டை வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் வசிக்கிறது. அவ்வீட்டுப் பிள்ளைக்கு வயது இருபத்தேழு. மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிவர வேண்டும் என்பது அவன் நெடுநாள் ஆசை. ஐந்தாண்டுச் சேமிப்பு கையில் இருக்கிறது. ஒன்றரை ஆண்டு விடுப்பும் கிடைத்துவிட்டது. சென்ற வாரம் ஒரு பூகோள உருண்டையுடன் வந்தான். "மாமா, கிழக்கே புறப்படட்டுமா, மேற்கே புறப்படட்டுமா?" என்றான். பின்னாலேயே வந்த அவன் தாயார், "புறப்படவே வேண்டாம் என்று நீங்கள்தாம் சொல்ல வேண்டும்" என்றார்.

"உருண்டை இருக்கட்டும், தம்பி, நாட்காட்டியைக் கொண்டு வா" என்றேன்.

உலகம் உருண்டையாதலால் எத்திசையில் சென்றாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். 1932இல் ராபர்ட் எடிசன் ஃபுல்டன் என்ற அமெரிக்கர் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டார்; துருக்கி, ஈராக், இந்தியா, சீனம், ஜப்பான் ஆகிய நாடுகளைக் கண்டு, 1933இன் இறுதியில் நியூயார்க் சேர்ந்தார். 1973இல் டெட் சைமன் அதே லண்டனிலிருந்து தெற்கே இறங்கி ஆப்பிரிக்காவைக் கடந்தார்; பின்னர் மேற்கே திரும்பித் தென்னமெரிக்கா, ஆஸ்திரேலியா, மலேசியா என்று சுற்றி, பினாங்கிலிருந்து கப்பலில் நம் சென்னைக்கு வந்தார். அவர் பயணம் நான்கு ஆண்டு. தூரம் 60,000 மைலுக்கு மேல். அவர் புறப்பட்ட அக்டோபர் 6ஆம் நாளிலேயே எகிப்துக்கும் இஸ்ரேலுக்கும் போர் மூண்டது. எகிப்தோ அவர் வழியில் இருந்தது! எனினும் அதனூடே சென்றார்.

எல்லைக் கதவுகள் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று யாராலும் சொல்ல இயலாது. 2021இல் மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபின் நமது கிழக்குத் தரைவழி நம்பத்தகாததாயிற்று. 2025 ஏப்ரலில் மேற்கே அட்டாரி வழி மூடப்பட்டது. பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டருக்குச் சாலையே இல்லை. அங்கே வண்டியைப் படகிலோ விமானத்திலோதான் ஏற்ற வேண்டும். ஆனால் மழையும் பனியும் நமக்குத் தெரிந்த முறைப்படியே வருகின்றன. ஆகவே தெரிந்ததை முதலில் குறித்துக்கொண்டு, தெரியாததற்கு இடம் விட்டுவைப்பதே அறிவுடைமை.

அவ்வாறே குறித்தோம். மார்ச்சில் மும்பையிலிருந்து வண்டியைக் கப்பலேற்றி வளைகுடா சேர்ந்தால், கோடை முற்றுமுன் ஈரானைக் கடக்கலாம். அந்நாடு வண்டிக்குக் கார்னே என்னும் சுங்கப் பத்திரம் கேட்கும். அங்கே அமைதி இல்லையேல் அரபு நாடுகள் வழியே ஒரு மாற்றுப் பாதை மனத்தில் இருக்க வேண்டும். மே மாதத்தில் துருக்கியின் மலைச்சாலைகளில் பனி பெரும்பாலும் உருகியிருக்கும். கோடையில் ஐரோப்பா, ஆகஸ்டில் வட அமெரிக்கா. அங்கிருந்து தெற்கே இறங்கினால், டிசம்பர், ஜனவரியில் தென்னமெரிக்காவின் தென்கோடியில் கோடைக்காலம். அடுத்து ஆஸ்திரேலியாவின் தென்பகுதி. அதன் வடபகுதியில் மழை ஓய்ந்தபின், மே முதல் இந்தோனேசியா, மலேசியா. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் சென்னை.

இதே மார்ச்சில் கிழக்கே புறப்பட்டால் என்ன ஆகும்? தாய்லாந்தில் கடும் வெயிலும் தொடர்ந்து மழையும். தென்னமெரிக்காவின் தென்கோடியில் ஜூலைக் குளிர். இறுதியில் துருக்கியில் மீண்டும் பனி. பாதை ஒன்றே, திசை மாறியதால் ஒவ்வோர் ஊரும் தன் கடுமையான முகத்தைக் காட்டும். புறப்படும் மாதம் மாறினால் விடையும் மாறலாம். எனவே, மாதத்தை முடிவு செய்யாமல் திசையை முடிவு செய்யலாகாது.

"அப்படியானால் மேற்கே, மாமா" என்றான் பையன். தாயார் ஒன்றும் பேசவில்லை. எந்த மாதம் எந்த நாடு என்று எழுதிய தாளை மட்டும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார்.

மேற்காகச் சுற்றுபவனுக்கு ஒரு நாள் குறையும். மெகல்லன் குழுவில் எஞ்சியோர் 1522இல் அதைக் கண்டு வியந்தார்கள். அவர்கள் கணக்கில் புதன்கிழமை, கரையிலிருந்தவர்களுக்கோ வியாழக்கிழமை. இந்தப் பிள்ளை திரும்பி வரும்போதும், அவன் கண்ட விடியல்களைவிட அவன் தாய் கண்டவை ஒன்று மிகுந்திருக்கும். வடக்கே ரயிலேறி வந்த நம்மையும் ஊரில் ஒருத்தி இவ்வாறே நாள் எண்ணிக் காத்திருந்தாள் அல்லவா?