நாற்காலிக்கும் பட்டாவா?

(திண்டிவனம் கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



நேற்று விழுப்புரம் கூட்டம் முடிந்ததும் ஒரு தோழர் நம்மிடம் வந்து, "மளிகைக் கடைக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் மகன் கல்லாவில் உட்காருகிறான், அதை யாரும் குற்றம் சொல்வதில்லை. அப்படி இருக்க, ஒரு தலைவர் நோயில் படுத்து, குணமாகும் வரையில் தம் மகனிடமோ தம்பியிடமோ பொறுப்பைக் கொடுத்தால் மாத்திரம் நீங்கள் ஏன் ஆட்சேபிக்கிறீர்கள்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. நேரமாகிவிட்டபடியால் அங்கே பதில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லுகிறோம்.

தோழர்களே! கடை அவன் முதல். லாபம் வந்தாலும் அவனுக்கு, நஷ்டம் வந்தாலும் அவனுக்கு. ஆனால் தலைவர் உட்காருகிற நாற்காலி யார் முதல்? உங்கள் முதல். நீங்கள் கொடுத்த ஓட்டு, நீங்கள் கொடுத்த சந்தா, நீங்கள் வெயிலில் நின்று பிடித்த கொடி. உங்கள் முதலை உங்களைக் கேளாமல் ஒருவர் தம் பிள்ளை கையில் கொடுப்பதற்கும், கல்லாவில் கடைக்காரன் மகன் உட்காருவதற்கும் என்ன சம்பந்தம்?

"தற்காலிகம்தானே" என்பார்கள். 2006-ம் வருஷம் ஜூலை 31-ந் தேதி கியூபா தேசத்து ஃபிடல் காஸ்ட்ரோ, குடலில் ஆபரேஷன் என்று சொல்லி, தம் அதிகாரங்களைத் தற்காலிகமாகத் தம்பி ரவுல் காஸ்ட்ரோவிடம் ஒப்படைத்தார். அந்தத் தற்காலிகம் 2008 பிப்ரவரியில் நிரந்தரமாயிற்று. தம்பி 2018 வரையில் நாட்டுக்குத் தலைவர். 2021 வரையில் கட்சிக்குத் தலைவர். ரவுல் சும்மா இருந்தவர் அல்லர். ஆரம்பம் முதல் அண்ணனோடு போராடியவர். முதல் உபதலைவராகவும் இருந்தார். தலைவருக்கு நோய் வந்தால் உபதலைவர் பார்க்க வேண்டும் என்பதே அந்நாட்டுச் சட்டம். வாஸ்தவந்தான். ஆனால் நாம் கேட்பது, அந்த இரண்டாவது நாற்காலியில் அத்தனை வருஷமாகத் தம்பியே உட்கார்ந்திருந்தது எப்படி என்பதுதான். நோய் வந்த அன்று நடப்பது வெறும் கையெழுத்து. காரியம் அதற்கு வெகு நாளைக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

வேறு விதமாகவும் நடக்கக் கூடும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1961-ல் ஜனாதிபதி ராஜேந்திர பிரசாத் கடும் நோயில் படுத்தார். மாதக்கணக்கில் அவர் வேலையைப் பார்த்தவர் உபஜனாதிபதி ராதாகிருஷ்ணன். பிரசாத்தின் மக்கள் அல்லர், சட்டம் அப்படி. குணமானதும் அவர் தம் வேலைக்குத் திரும்பினார். 1969 பிப்ரவரி 3-ந் தேதி அண்ணா புற்றுநோயால் மறைந்தபோது, அன்றைக்குப் பொறுப்பேற்றவர் நெடுஞ்செழியன். சில நாளில் சட்டசபைக் கட்சி கூடிக் கருணாநிதியைத் தேர்ந்தெடுத்தது. அண்ணாவுக்கு வளர்ப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் எவரும் அந்த நாற்காலிக்கு வரவில்லை. 1984-ல் எம்.ஜி.ஆர். நோயாகி அமெரிக்காவுக்குப் போனபோதும் நெடுஞ்செழியனே பொறுப்பில் இருந்தார். ஆனால் 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு மனைவி ஜானகி அம்மையார் முதன் மந்திரி ஆக்கப்பட்டார். கட்சி இரண்டாயிற்று, மந்திரிசபை ஒரு மாதங்கூட நிற்கவில்லை.

இந்த ஜில்லாவிலேயே ஒருவர் இருந்தார். திண்டிவனத்துக்கு அடுத்த ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரையில் சென்னை மாகாணப் பிரதமர். அவர் பக்திமான்; நம் கருப்புச்சட்டைப் படையைத் தடை செய்த சர்க்காருக்குத் தலைவர். நமக்கு அவரைப் புகழ வேண்டிய கடன் ஒன்றுமில்லை. ஆனாலும் சொந்தக் கட்சிக்காரர்கள் எதிர்த்தபோது அவர் விலகி, வடலூருக்குப் போனாரே ஒழிய, தம் உறவினன் ஒருவனை நாற்காலியில் வைத்துவிட்டுப் போகவில்லை. எதிரியிடத்திலும் யோக்கியதை இருந்தால் ஒப்புக்கொள்வதே பகுத்தறிவு.

நிற்க. "அடுத்த வீட்டைப் பேசுகிறீர்களே, உங்கள் வீடு எப்படி?" என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும்.

1949 ஜூலையில், தமது எழுபதாவது வயதில், ஐயா அவர்கள் மணியம்மையாரை மணந்தார். இயக்கத்தையும் அதன் சொத்தையும் காப்பதற்குச் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். அதை ஒப்பாதவர்கள் வெளியேறி, அவ்வருஷம் செப்டம்பர் 17-ந் தேதி தி.மு.கழகத்தைத் தொடங்கினார்கள். 1973-ல் ஐயா மறைந்த பிறகு அம்மையார் தலைவரானார். நெருக்கடி நிலையின் கொடுமையிலும் இயக்கத்தைக் கலைய விடாமல் காத்தார். அவர் உழைப்பை நாம் மறக்கவில்லை. 1978-ல் அவர் மறைந்ததும் பொறுப்பு வீரமணி அவர்களிடம் சென்றது. அவர் உறவினர் அல்லர். இவ்வளவும் நம் பக்கத்து நியாயம். ஆனாலும் 1949-ல் எழுந்த கேள்வி தப்பான கேள்வி என்று நாம் சொல்ல மாட்டோம். ஐயா நம்பத்தக்க ஆளைத் தேடினார். ஆனால் அந்த நம்பிக்கையை உறவு என்னும் பத்திரத்தில் எழுத வேண்டியிருந்ததே, அது அன்றைய சட்டத்தின் குறையும், நம் அமைப்பின் குறையுமாகும்.

அந்தக் கேள்வியைக் கேட்டு வெளியேறியவர்களின் கதி என்ன? ஐயாவுக்கென்று தலைவர் நாற்காலியை 1969 வரையில் காலியாகவே வைத்திருந்த கட்சி அது. அதே கட்சி, 2017 ஜனவரி 4-ந் தேதி, கருணாநிதி அவர்கள் நோயுற்றிருந்தபோது, செயல் தலைவர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, அவர் மகன் ஸ்டாலின் அவர்களை அதில் அமர்த்திற்று. 2018 ஆகஸ்டில் தகப்பனார் மறைந்தார். அந்த மாதமே மகன் தலைவரானார். ஸ்டாலின் சிறுவயது முதல் கட்சிக்கு உழைத்தவர், 1976-ல் சிறை சென்றவர் என்பதை மறைக்கிறவன் யோக்கியன் அல்ல. நாம் சொல்லுவது ஒன்றுதான். அதே உழைப்பும் அதே சிறையும் உள்ள ஒரு சாதாரணத் தொண்டன் மகன் அந்த நாற்காலிக்குப் போட்டியிட நினைத்திருப்பானா? நினைக்கவே தோன்றாதென்றால், அங்கே தகுதி மாத்திரம் வேலை செய்யவில்லை. பிறவியும் சேர்ந்து வேலை செய்தது. உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தைலாபுரத்தில் 2025-ல் தகப்பனாருக்கும் மகனுக்கும் கட்சித் தலைமை பற்றி மூண்ட சண்டையை நாம் விவரிக்க வேண்டியதில்லை. பட்டா நிலம் போல ஆனால் பாகப்பிரிவினை வழக்கும் வரத்தானே செய்யும்?

தோழர்களே! அர்ச்சகன் மகன் அர்ச்சகன் என்பதை நாம் எதிர்த்தோம். 1970-ல் அந்தப் பரம்பரை உரிமையைச் சட்டம் ஒழித்தது. 1972-ல் சுப்ரீம் கோர்ட்டும் அந்த ஒழிப்பை ஒப்புக்கொண்டது. கர்ணம், மணியம் ஒரே குடும்பத்தில் சுற்றியதை 1980-ல் ஒழித்தார்கள். மணி அடிப்பதற்கும் கணக்கு எழுதுவதற்கும் பிறவி உரிமை கூடாதென்றால், நாட்டை ஆள மாத்திரம் கூடுமா?

இதில் இன்னொரு கேடும் உண்டு. நாற்காலி ஒருவருடைய சொந்தம் என்றாகிவிட்டால், அவருடைய நோயும் அரண்மனை இரகசியம் ஆகிவிடுகிறது. 2016-ல் ஜெயலலிதா அம்மையார் 75 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். உண்மை நிலை தெரியாத ஜனங்கள் பால்குடம் எடுத்தார்கள், மண்சோறு தின்றார்கள். அம்மையார் இட்லி சாப்பிட்டதாகத் தாங்கள் சொன்னது பொய் என்று, அடுத்த வருஷம் ஒரு மந்திரியே மேடையில் மன்னிப்புக் கேட்டார். நோய்க்கு வேண்டியது டாக்டர். பொதுஜனங்களுக்கு வேண்டியது உண்மை. இரண்டுக்கும் நடுவே மண்சோறுக்கு என்ன வேலை?

ஆகவே, வேண்டியது என்ன? நோய் யாருக்கும் வரும். அது வருவதற்கு முன்பே, தலைவர் படுத்தால் யார் பார்ப்பது, எத்தனை மாதம் பார்ப்பது, பிறகு யார் கூடி முடிவு செய்வது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆளையும் ஓட்டுப் போட்டே எடுக்க வேண்டும். இதைக் கியூபாவுக்குச் சொல்லுவதற்கு முன் நமக்கு நாமே சொல்லிக்கொள்ளுவோம். உங்கள் கிளைக் கழகத்தில் செயலாளர் ஊருக்குப் போனால் சாவியும் கணக்குப் புத்தகமும் யாரிடம் போகின்றன? மைத்துனரிடமா, உபசெயலாளரிடமா? உங்கள் ஊராட்சியில் ஒரு பெண் தலைவராக ஜெயித்தால் நாற்காலியில் உட்காருகிறது அந்த அம்மையாரா, அவர் புருஷனா? அங்கே வாய் திறவாதவன் டெல்லியையும் சென்னையையும் பற்றிப் பேச யோக்கியதை உள்ளவன் அல்ல.

நாம் சொன்னதாலேயே இதை நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரி என்று பட்டால், அடுத்த கிளைக் கூட்டத்திலேயே இப்படி ஒரு விதியை எழுதி நிறைவேற்றுங்கள். தப்பு என்று பட்டால், அந்தக் கூட்டத்திலேயே எழுந்து நம்மை மறுத்துப் பேசுங்கள். அதுவும் இயக்க வேலைதான்.