நம் தெருவில் முப்பதுக்கு மேல் வேண்டாம்



குடும்ப நலம் என்றதும் தடுப்பூசி, சத்துணவு, கர்ப்பிணிப் பராமரிப்பு ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். "சுகாதாரத் துறைக்காரங்க வண்டி வேகத்தைப் பத்தி ஏன் பேசணும்? அது போலீஸ் வேலையாச்சே!" என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

வேளா வேளைக்குத் தடுப்பூசி போட்டு, கண்ணும் கருத்துமாய் வளர்த்த பிள்ளை, வாசலில் உருண்ட பந்தை எடுக்க ஓடி வண்டியில் அடிபட்டால் நாம் பட்ட பாடெல்லாம் என்ன ஆவது? 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள். நாட்டில் நிகழ்ந்த இந்த இறப்புகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் அதிவேகத்தால் நேர்ந்தவை என்று அரசின் கணக்கு சொல்கிறது. ஒரு காய்ச்சல் இத்தனை பேரைக் கொண்டுபோனால் நாம் சும்மா இருப்போமா?

மலேரியாவுக்குக் கொசு எப்படியோ, விபத்துக் காயத்துக்கு வேகம் அப்படி. சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால், உயிர்போகும் விபத்து நேரும் ஆபத்து நூற்றுக்கு நான்கு பங்கு கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். குழந்தை குறுக்கே வந்ததைக் கண்டு, பிரேக்கில் கால் வைப்பதற்கு எப்படியும் ஒரு விநாடி ஆகும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் அந்த ஒரு விநாடியில் 8 மீட்டர் ஓடும். பிரேக் பிடித்தபின் இன்னும் 5 மீட்டர் ஓடி, ஏறக்குறைய 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற காரோ அந்த முதல் விநாடியிலேயே 14 மீட்டர் ஓடிவிடும். அதாவது, முதல் கார் நின்றுபோன இடத்தில், இரண்டாவது கார் பிரேக்கே பிடித்திருக்காது! அந்த வேகத்தில் மோதுவது மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம்.

"அவசரமா போகணும்ல" என்பார்கள். ஒரு கிலோமீட்டர் தெருவை 30-இல் கடக்க இரண்டு நிமிடம். 50-இல் போனால் மிச்சமாவது 48 விநாடி. அவ்வளவுதான்!

"வேகம் விவேகம் அல்ல" என்று பலகை வைத்திருக்கிறார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் எத்தனைக்கு மேல் போனால் விவேகம் இல்லை என்று அந்தப் பலகை சொல்வதில்லை. வேக வரம்பு அதைச் சொல்கிறது. சென்னையில் 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வரம்பு இது: இலகு ரக வாகனங்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கும் கனரக வாகனங்களுக்கும் 50, ஆட்டோவுக்கு 40. குடியிருப்புப் பகுதிக்குள் எந்த வண்டியானாலும் 30. நடப்பவரும் வண்டியும் கலந்து புழங்கும் இடங்களில் 30 போதும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் மாநாடும் கூறியது.

பலகை நட்டுவிட்டால் மட்டும் போதுமா? போதாது. மாத்திரையை வாங்கி அலமாரியில் வைத்தால் காய்ச்சல் தணியுமா? சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வரம்பு மீறினால் இலகு ரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரையும், நடுத்தர, கனரக வாகனங்களுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரையும் அபராதம். ஆனால் ஒருவர் கண்ணால் பார்த்து "வேகமாப் போனான்" என்று சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது; கருவி கொண்டு அளந்திருக்க வேண்டும். ஆகவே அளக்கும் கருவியும், அதை வைத்து அடிக்கடி நடக்கும் சோதனையும் அவசியம். அபராதம் பெரிதாக இருப்பதைவிட, "மாட்டிக்குவோம்" என்ற நிச்சயம் இருப்பதுதான் வேகத்தைக் குறைக்கும்.

இனி, நாம் செய்யக்கூடியவை:

1. உங்கள் தெருவில், முக்கியமாகப் பள்ளி, அங்கன்வாடி, சுகாதார நிலையம் அருகில், 30 என்ற பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பத்துப் பேர் கையெழுத்திட்டு வார்டு கவுன்சிலரிடமும் போக்குவரத்துக் காவல் நிலையத்திலும் மனுக் கொடுங்கள்.

2. நீங்களாகவே சிமெண்டைக் கொட்டி வேகத்தடை போட வேண்டாம். அளவில்லாத மேடு இரவில் இருசக்கர வண்டியைக் கவிழ்த்துவிடும். முறைப்படி, வெள்ளைக் கோடு போட்டு, முன்னறிவிப்புப் பலகையுடன் அமைக்கும்படி மாநகராட்சியைக் கேளுங்கள்.

3. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுக்காதீர்கள். அவன் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு.

4. வீட்டிலிருந்து கிளம்புகிறவரிடம் "சீக்கிரம் வாங்க" என்று சொல்லாதீர்கள். "மெதுவா வாங்க, சாப்பாடு ஆறினா சுடவைச்சுக்கலாம்" என்று சொல்லுங்கள்.

அடிபட்டவருக்கு 108 வண்டி வரும், மருத்துவமனை இருக்கிறது. ஆயினும் முறிந்த முதுகெலும்பை முன்போல் ஆக்கித்தர எந்த மருத்துவராலும் எளிதில் இயலாது. வருமுன் காப்பதே சுகாதாரம். அந்தக் காப்பு இன்று மாலை வீடு திரும்பும்போது, நம் தெருமுனையில் திரும்பியதுமே தொடங்கட்டும்.