இல்லாததை வரைபவர்



பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மேடையில் நின்றுகொண்டு, பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்ட ஓர் ஓவியரைப் பற்றிப் பேசப்போகிறேன். துணைவேந்தர் பொறுத்தருள வேண்டும்.

அவர் பெயர் ஜேம்ஸ் கர்னி. மனிதர்களும் டைனோசர்களும் கூடி வாழும் தீவைப் பற்றி அவர் எழுதி வரைந்த ‘டைனோடோப்பியா’ 1992-இல் வெளிவந்தது. கலிஃபோர்னியாவில் வளர்ந்தவர். நார்மன் ராக்வெல், ஹோவர்ட் பைல் ஆகிய ஓவியர்களைப் பற்றிய புத்தகங்களே அவருக்கு வரையச் சொல்லிக்கொடுத்தன. பைல், கர்னி பிறப்பதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பே மறைந்துவிட்டவர். அப்படிப்பட்ட ஆசிரியரிடம் சந்தேகம் கேட்க முடியாது, படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கர்னி பட்டம் பெற்றது மானுடவியலில். பிறகு ஓவியக் கல்லூரி ஒன்றில் சேர்ந்து சீக்கிரமே வெளியேறினார். நண்பர் தாமஸ் கின்கேடுடன் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு, கண்டதையெல்லாம் வரைந்தபடி நாட்டைச் சுற்றினார். (ரயில் விஷயத்தில் அவரைப் பின்பற்ற வேண்டாம்.)

மானுடவியல் வீணாகவில்லை. நேஷனல் ஜியாகிரஃபிக் இதழுக்காக, மண்ணுக்குள் போன பழைய ஊர்களை வரைந்தார். அகழாய்வில் கிடைப்பது அடித்தளமும் உடைந்த ஓடும்தான். மேலே சுவர் எழுப்பி, கூரை வேய்ந்து, தெருவில் ஆள் நடமாட விடுவது ஓவியர் வேலை. பார்த்திராத ஊரைச் சான்றுகளிலிருந்து கட்டிப் பழகிய கைக்கு, எங்கும் இல்லாத ஊரைக் கட்டுவது அடுத்த படி. டைனோடோப்பியா அப்படித்தான் வளர்ந்தது.

கண்ணை மூடினால் கற்பனை வரும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கர்னியின் பட்டறையைப் பாருங்கள். டைனோசரைச் சிறு உருவமாகப் பிசைந்து செய்வார். அதை வெயிலில் வைத்து, வயிற்றுக்கடியில் நிழல் எங்கே விழுகிறது, தரையின் ஒளி எங்கே மேலேறுகிறது என்று பார்த்த பிறகே வண்ணம் தீட்டுவார். கதைமாந்தரின் உடையைத் தானே போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார். இந்த வித்தைகளை மறைத்து வைக்கவும் இல்லை. இல்லாததை வரைவது எப்படி என்று 2009-இல் புத்தகமே எழுதிவிட்டார்.

போர்ச்சுகலில் கிடைத்த ஒரு பெரிய ஊனுண்ணி டைனோசருக்கு 2014-இல் ஆய்வாளர்கள் டார்வோசாரஸ் கர்னியி என்று அவர் பெயரையே வைத்தார்கள். பெற்றோர்களே, “படிச்சது ஒண்ணு, பார்க்கிற வேலை ஒண்ணா?” என்று வீட்டில் கேட்கத் தோன்றும்போது, அந்த டைனோசர் சுமார் பத்து மீட்டர் நீளமுள்ள விலங்கு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.