பாறைக்குள் கேட்கும் ஒலிக்கு என்ன விலை?

இந்த ஆண்டு அறக்கட்டளைப் பொழிவில் எண்ணெயைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், “செங்கல்பட்டில் எண்ணெய் ஏது?” என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மாமல்லபுரத்தில் பல்லவர் குடைந்த பாறையில் யாரும் எண்ணெய் தேடப்போவதில்லை. ஆனால் பக்கத்திலேயே, திருப்பெரும்புதூர் வட்டாரத்தில், டைனோசர் காலத்து வண்டல் அடுக்குகள் கிடக்கின்றன. தாவரப் புதைபடிவங்களும் கடல் உயிர்களின் எச்சங்களும் அவற்றில் கிடைக்கின்றன. இந்தியா அண்டார்க்டிகாவை விட்டுப் பிரிந்தபோது உண்டான பள்ளத்தில் படிந்தவை அவை. பாலாற்றுப் படுகை என்கிறோம். கரையோடு நிற்காமல் கடலடியிலும் அது நீள்கிறது. தெற்கே காவிரிப் படுகை, வடக்கே கிருஷ்ணா–கோதாவரிப் படுகை. இரண்டிலும் எண்ணெய் எடுக்கிறார்கள். நடுவில் இருப்பதில் மட்டும் ஒன்றுமில்லையா என்று கேட்கத் தோன்றுமல்லவா?

தோண்டாமல் விடை தேட வேண்டுமானால் முதன்மையான வழி ஒலிதான். கப்பல் ஐந்து நாட் வேகத்தில் மெதுவாகப் போகும். அதன் பின்னால் ஏர் கன்கள் பத்து விநாடிக்கு ஒருமுறை அழுத்தக் காற்றைத் தண்ணீருக்குள் வெடித்து விடும். சதுர அங்குலத்துக்குச் சுமார் 2,000 பவுண்டு அழுத்தம். ஒலி கடலடிப் பாறைக்குள் இறங்கி, அடுக்கு மாறும் இடங்களில் முட்டித் திரும்பும். பின்னால் ஆறேழு கிலோமீட்டர் நீளத்துக்கு இழுபடும் கேபிளில் உள்ள ஹைட்ரோஃபோன்கள் அதைப் பதிவு செய்யும். நிலத்திலோ துளையிட்டு வெடி வைப்பார்கள், அல்லது கனரக வண்டியால் தரையை அதிர வைப்பார்கள்.

இந்தப் பதிவுகளைத் தொகுத்தால் வரும் படம் எண்ணெயைக் காட்டாது. பாறையின் அடுக்கையும் வளைவையும்தான் காட்டும். வாயு இருக்கும் இடம் சில சமயம் பளிச்சென்று தெரியும். அதிலும் ஒரு வம்பு உண்டு. பாறைத் துளைகளில் நூற்றுக்கு ஐந்து பங்கு வாயு இருந்தாலும் போதும், நிறைய இருப்பதைப் போலவே அது பளிச்சிடும். அதை நம்பித் தோண்டிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உலகெங்கும் உண்டு.

செலவுக்கு வருவோம். போதிய தரவு இல்லாத வண்டல் படுகைகளை அளக்க மத்திய அரசு 2016-ல் தேசிய நில அதிர்வுத் திட்டத்தைத் தொடங்கியது. 48,243 கிலோமீட்டர் கோட்டளவை. மதிப்பீடு ஏறத்தாழ 2,933 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஆறு லட்சம். அதுவும் நிலத்தில், இருபரிமாணத்தில்.

ஆறு லட்சம் அதிகமா, குறைவா? அதை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. ஒரு கணக்குப் போடுவோம். கிணறு தோண்ட 100 கோடி. எண்ணெய் இருக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு. இருந்தால் 400 கோடி வரவு. சராசரி வரவு 80 கோடிதான், ஆகவே தோண்டமாட்டீர்கள். இப்போது பொய்யே சொல்லாத ஓர் ஆய்வு கிடைத்தால்? ஐந்தில் ஒருமுறை மட்டும் தோண்டுவீர்கள், 300 கோடி மிஞ்சும். சராசரி 60 கோடி. அந்த ஆய்வுக்கு அதற்குமேல் ஒரு பைசா கொடுப்பதும் நஷ்டம். அதே கிணற்றில் பத்துக்கு ஒன்பது வாய்ப்பு என்றால்? ஆய்வில்லாமலேயே சராசரி லாபம் 260 கோடி, ஆய்வோடு 270. இப்போது அதன் மதிப்பு வெறும் பத்துக் கோடி. எந்த விடை வந்தாலும் தோண்டியே தீருவது என்று மேலே முடிவாகிவிட்டால் அதுவும் பூஜ்யம். நிஜ ஆய்வுகள் பொய்யும் சொல்லும் என்பதால் எல்லா எண்களும் இன்னும் இறங்கும். ஜாக்சன் கிரேசன் என்ற அமெரிக்கர் எண்ணெய்க்காரர்களின் இந்தத் தடுமாற்றத்தை 1960-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். நம் ஊரில் இன்னும் ‘எண்ணெய் கிடைத்ததா இல்லையா’ என்றே ஆய்வை எடைபோடுகிறோம். ‘இல்லை’ என்று சொல்லி 100 கோடியைக் காப்பாற்றிய ஆய்வுக்கு யாரும் மாலை போடுவதில்லை.

காவிரிப் படுகையில் ஓ.என்.ஜி.சி. தன் முதல் ஆழ்கிணற்றைக் காரைக்காலில் 1964-ல் தோண்டியது. வணிக அளவில் எண்ணெய் கிடைத்ததோ 1985-ல், நரிமணத்தில். இடையே இருபது ஆண்டுக்கு மேல். பிறகு 1993-ல் அந்த எண்ணெயை நம்பிப் பனங்குடியில் சுத்திகரிப்பு ஆலையே வந்தது. நடுவில் எந்த ஆண்டில் நிறுத்தியிருந்தாலும் கணக்கு நஷ்டமாகத்தான் முடிந்திருக்கும். அதற்காக, எங்கும் இருபது ஆண்டு காத்திருக்கலாம் என்று இதைச் சாக்காக்குவதும் தவறு.

இந்தக் கணக்கில் ஏறாத செலவு ஒன்று உண்டு. சர்வே கப்பல் வந்தால் கொக்கிலமேட்டிலிருந்தும் சதுரங்கப்பட்டினத்திலிருந்தும் போகும் ஃபைபர் படகுகள் வழிவிட்டாக வேண்டும். விரித்த வலையைச் சுருட்டச் சொல்லிக் காவல் படகு வரும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து கடல் அடங்கும் மாதங்கள்தான் கப்பலுக்கு வசதி. அதே மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் இந்தக் கரைக்கு முட்டையிட வருகின்றன. சர்வே செலவை எழுதும் அதே தாளில் மீனவரின் இழந்த நாட்கூலியும் ஒரு வரியாக ஏற வேண்டும். பிறகு நிவாரணம் என்று தனிக் கோப்பில் போட்டால் அது யாருடைய முடிவையும் மாற்றாது.

காவிரி–பாலாறு ஆழ்கடல் வட்டாரங்கள் முன்பே ஏலம் போயிருக்கின்றன; 2001 என்ற ஆண்டு அவற்றின் பெயரிலேயே இருக்கிறது. அன்று எடுத்த பதிவுகளை இன்றைய கணினிகளால் மறுபடி அலசலாம். அதற்கு ஆகும் செலவு புதுக் கப்பல் வாடகையில் சிறு பங்கு. ஒரு வலையும் சுருட்ட வேண்டியதில்லை. 2017-ல் தொடங்கிய தேசியத் தரவுக் களஞ்சியம் இந்த மாதிரிப் பதிவுகளைச் சேர்த்து வைக்கத்தான். இந்தக் கரைக்கு வெளியே புதிதாகக் கப்பல் வேண்டும் என்று யார் கேட்டாலும், பழைய பதிவை அலசியதில் என்ன தெரிந்தது, இன்னும் எந்த முடிவு தொங்கலில் நிற்கிறது என்று எழுத்தில் தரட்டும். அதைப் படித்துவிட்டுக் கப்பலைப் பற்றிப் பேசலாம்.