வயிற்றுப் புழுவும் வாலிபர் கடனும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இம்மேடையிலே உயர்ந்த பொருள்களைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ சபையிலே சொல்லக் கூசுவது. ஆயினும், கூச்சத்தினாலே பேசாதுவிட்ட நோய் கூச்சமின்றிப் பரவும். ஆதலின் வயிற்றுப் புழுவைப் பற்றிச் சில வார்த்தை பேசத் துணிந்தோம்.

முதலில் எமது குற்றம் ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன்னர் மலைநாட்டிலே ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தோம். கடைசி வாங்கிலே ஒரு பையன். காலை மணி அடித்துச் சிறிது நேரத்திலேயே தூங்கி விழுவான். விளையாட்டுக்கு அழைத்தால் மரத்தடியிலே குந்திவிடுவான். சுவரிலுள்ள மண்ணைச் சுரண்டித் தின்பான். “சோம்பேறி” என்று அவனுக்குப் பெயர் வைத்தவர்கள் நாமே. வெயிலிலே நிறுத்தியதும் உண்டு. ஒருநாள் தோட்டத்து மருந்துச்சாலை ஐயா பிள்ளைகளைப் பார்க்க வந்தார். அவனுடைய கீழ் இமையை விரலால் இழுத்துக் காட்டினார். சிவந்திருக்க வேண்டிய இடம் வெள்ளைக் கடதாசி போலிருந்தது. “மாஸ்ரர், இவன் சோம்பேறியல்ல; இரத்தமில்லாதவன்” என்றார். அந்த வார்த்தை இன்றும் எமது காதிலே ஒலிக்கின்றது.

அவனுடைய இரத்தத்தைக் குடித்தது கொழுக்கிப் புழு. ஏறக்குறைய ஒரு சதமமீற்றர் நீளம். நூல் துண்டு போன்ற உடல். சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். நெக்காற்றர் என்னும் இனத்துப் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.03 மில்லிலீற்றர் இரத்தத்தைப் போக்கும். இது ஒரு துளிக்கும் குறைவு. ஆனால் நூறு புழு இருந்தால் நாளொன்றுக்கு 3 மில்லிலீற்றர். மாதத்திலே 90 மில்லிலீற்றர். அங்கைலொஸ்ற்றோமா என்னும் மற்றை இனமோ இதனைப்போல ஐந்து மடங்குக்கு மேலும் குடிக்கும். சோறும் சம்பலுமே உணவாகவுள்ள பிள்ளை, இழந்த இரும்புச் சத்தை எங்கிருந்து ஈடுசெய்யும்? குருதிச்சோகை உண்டாகும்; களைப்பு வரும்; படிப்பிலே மனம் நில்லாது. மண் தின்னும் ஆசையும் இச்சோகையுடன் வருவதொன்று. எமது சித்த வைத்தியர்கள் பாண்டு என்று சொன்ன நோயின் காரணங்களுள் ஒன்று இதுவே.

இப்புழு உடம்பினுள் எவ்வாறு புகுகின்றது? வாயினால் என்று பலர் எண்ணியிருந்தனர். எகிப்து நாட்டிலே கெய்ரோவில் ஆராய்ச்சி செய்த ஆதர் லூஸ் என்னும் ஜேர்மனியர், 1898ஆம் ஆண்டளவில், புழுக்குஞ்சுகள் இருந்த நீரைத் தற்செயலாகத் தமது கையிலே சிந்திவிட்டார். கை அரித்துச் சிவந்தது. சில வாரங்களின் பின் தமது மலத்திலேயே புழுமுட்டைகளைக் கண்டார். நோயாளியின் மலம் நிழலும் ஈரமும் உள்ள மண்ணிலே விழுகின்றது. முட்டை பொரிக்கின்றது. ஏறக்குறைய ஐந்து முதல் பத்து நாளில் குஞ்சு தோலைத் துளைக்கும் வல்லமை பெறுகின்றது. அவ்வழியே வெறுங்காலோடு நடப்பவனின் பாதத்தினூடே புகுந்து, இரத்தத்தோடு சுவாசப்பைக்குச் சென்று, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகின்றது. எனவே வழி மூன்றே: மலம், மண், பாதம். இம்மூன்றில் ஒன்றை அறுத்தால் சங்கிலி அறும்.

கொழுக்கிப் புழு தனியே வருவதில்லை. நாக்குப்பூச்சி என்று நாம் சொல்லும் வட்டப்புழு ஒரு சாணுக்கும் மேல் வளரும். பெண்புழு நாளொன்றுக்கு இரண்டு இலட்சம் முட்டை வரை இடும். அம்முட்டை மண்ணிலே ஆண்டுக்கணக்காகக் கெடாதிருக்கும். கழுவாத கையாலும் கழுவாத கீரையாலும் வாய்க்குள் போகும். பிள்ளை உண்ணும் உணவிலே பங்கு கேட்கும். பெருந்தொகையாய்ச் சேர்ந்தால் குடலையே அடைத்துவிடும், சத்திரசிகிச்சை வேண்டிவரும். யப்பான் தேசத்து வைத்தியர் கொய்னோ என்பவர் 1922ஆம் ஆண்டிலே இரண்டாயிரம் முட்டைகளைத் தாமே விழுங்கி, சில நாளில் தமது சளியிலே அதன் குஞ்சுகளைக் கண்டார். இப்புழுவும் சுவாசப்பை வழியே பயணஞ் செய்வது மனிதரில் அவ்வாறு தெளிவாயிற்று. கீரைப்பூச்சியோ இரத்தங் குடிப்பதில்லை. இரவிலே மலவாயிலில் முட்டையிட்டு அரிப்பை உண்டாக்கித் தூக்கத்தைக் கெடுக்கும். சொறிந்த நகத்தின் வழியே முட்டை மறுபடியும் வாய்க்கு வரும். வீட்டிலுள்ள ஏனையோருக்கும் பரவும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இனிப்புத் தின்றால் பூச்சி வரும் என்கின்றோம். சீனியிலிருந்து புழு பிறவாது. சீனியைத் தொட்ட கையின் அழுக்கிலிருந்தே வரும். நித்திரையிலே பல் நெறுமினால் பூச்சி என்கின்றோம். அதை அடையாளமாகக் கொள்ள முடியாது. வயிற்றுவலி எல்லாம் பூச்சியும் அன்று. வெளிறிய இமை, தீராக் களைப்பு, மண் தின்னல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள்.

இந்நோய்க்கும் எமது மலையக மக்களுக்கும் ஒரு துயரமான சரித்திரத் தொடர்பு உண்டு. 1916ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் றொக்பெல்லர் தாபனத்தார் இலங்கைத் தோட்டங்களிலே கொழுக்கிப் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். லயங்களிலே பரிசோதிக்கப்பட்டவர்களுள் மிகப் பெரும்பாலாரிடம் புழு காணப்பட்டது. அக்காலத்து மருந்துகள் குமட்டலையும் மயக்கத்தையும் தருவன. அவற்றைக் குடித்தவர்கள் புழு நீங்கி எழுந்தனர். சில மாதத்திலே மறுபடியும் புழு கொண்டனர். காரணம் என்ன? மருந்துக்கு உடன்பட்ட துரைமார் பலர் மலசலகூடம் கட்டும் செலவுக்கு உடன்படத் தயங்கினர். மண் பழைய மண்ணாகவே இருந்தது. இந்த அநுபவமும் சேர்ந்தே, மருந்தோடு சுகாதாரப் போதனையையும் சேர்த்துச் செய்யும் முதற் சுகாதாரப் பகுதி 1926ஆம் ஆண்டிலே களுத்துறையில் அமைக்கப்பட வழிசெய்தது. அமெரிக்காவின் தென்பகுதி ஏழைகளிடமும் இதே புழு இருந்தது. அங்குள்ள பத்திரிகைகள் அதற்குச் “சோம்பற் கிருமி” என்று பெயரிட்டன. பிணியாளனைச் சோம்பேறி என்று இகழும் வழக்கம் எந்த நாட்டிலும் ஒன்றே.

துரைமாரைக் குறைகூறிவிட்டு நாம் தப்பிக்கொள்ள முடியாது. அந்தப் பையனின் கதை முடியவில்லை. அவனுக்குப் பூச்சிக் குளிசையும் இரும்புச்சத்துக் குளிசையும் கொடுக்கப்பட்டன. மூன்று மாதத்திலே அவன் பந்தின் பின்னால் ஓடுவதைக் கண்டோம். அடுத்த ஆண்டிலே இமை மறுபடியும் வெளுத்தது. மருந்துச்சாலை ஐயா எம்மிடம் ஒரே கேள்வி கேட்டார்: “பிள்ளைகள் எங்கே போகின்றார்கள்?” பாடசாலையிலே மலசலகூடம் ஒன்று இருந்தது. பரிசோதகர் வரும்போது சுத்தமாய் இருக்கவேண்டும் என்று அதைப் பூட்டி வைத்திருந்தோம். திறப்பு எமது மேசை லாச்சிக்குள் இருந்தது. பிள்ளைகள் தேயிலைச் செடிகளுக்கிடையே போயினர். அன்றே பூட்டைக் கழற்றினோம். வாளியும் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்தோம். பையனிடம் மன்னிப்புக் கேட்க எண்ணியிருந்தோம். கேட்பதற்குள் அவன் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. அந்தக் கடனையே இன்று உங்களிடம் பேசித் தீர்க்கப் பார்க்கின்றோம்.

வாலிப அன்பர்களே, இன்று மருந்து எளிதாகிவிட்டது. அல்பெண்டசோல் குளிசை ஒருவேளை கொடுத்தாலே கொழுக்கிப் புழுவும் வட்டப்புழுவும் பெரும்பாலும் அடங்கும். கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதத்திலே உட்கொள்ளலாகாது. வைத்தியரைக் கேட்டே உட்கொள்ள வேண்டும். ஆனால் குளிசை உள்ளிருக்கும் புழுவைக் கொல்லுமேயன்றி வெளியிலிருந்து வரும் புழுவைத் தடுக்காது. உலகிலே ஏறக்குறைய 150 கோடி மக்களிடம் மண்வழிப் புழுக்கள் உள்ளன என்று உலக சுகாதார தாபனம் கணிக்கின்றது. மருந்து இருந்தும் நோய் இருப்பதன் காரணம் இதுவே.

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. ஒன்று, உங்கள் ஊர்ப் பாடசாலையின் மலசலகூடம் திறந்திருக்கின்றதா, தண்ணீர் உண்டா என்று போய்ப் பாருங்கள். இல்லையேல் சிரமதானஞ் செய்யுங்கள். இரண்டு, தோட்டத்துக்கும் வயலுக்கும் மலசலகூடத்துக்கும் செருப்போடு போகப் பழக்குங்கள். செருப்பைக் கழற்றவேண்டிய இடம் கோயில் வாசல்; மலசலகூட வாசலன்று. மூன்று, உண்ணுமுன் கை கழுவுதலும் வாரந்தோறும் நகம் வெட்டுதலும், பச்சையாய் உண்ணும் வல்லாரையைப் பல தண்ணீரில் அலசுதலும் வீட்டு வழக்கமாகட்டும். நான்காவது மிக எளிது. ஆனால் எமக்குத் தவறிய ஒன்று. ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லுமுன் அதன் கீழ் இமையைப் பாருங்கள்.