படிப்பும் வேணும், பட்டாவும் வேணும்



காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் பேசுகிறோம்.

"காலேஜ் வேணும்னு நீங்கதானே கேட்டீங்க? நிலம்னு சொன்னா மட்டும் கொடி பிடிக்கிறீங்களே?" என்று நம்மைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கூட்டம்.

படிப்பு நமக்கு வேணும். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் 20 பேரைச் சுட்டுக் கொன்றார்களே, மறந்துவிட்டோமா? செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொன்னார்கள். அதில் நம் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். கையில் படிப்பு இல்லாதவனுக்கு ஏஜெண்டு காட்டுகிற வழிதான் வழி. இன்னொரு பக்கம், நம் மலையில் புலியூரைச் சேர்ந்த ஒரு மலையாளிப் பெண் 2024இல் சிவில் நீதிபதித் தேர்வில் ஜெயித்தார். படிப்பு கிடைத்தால் நம் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

கணக்கையும் பாருங்கள். 2021-22ஆம் வருஷத்து மத்திய அரசுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்வி சேர்க்கை நூற்றுக்கு 47. இந்தியா முழுக்க 28. இந்தியப் பழங்குடிகளுக்கு மட்டும் பார்த்தால் 21. 2035க்குள் நாடு முழுக்க 50 ஆக்குவோம் என்று 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. இங்கே 2022இல் புதுமைப்பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1000 ரூபாய் திட்டங்கள் வந்தன. பிள்ளைகள் காலேஜுக்குக் கிளம்பிவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் எங்கே தங்குவார்கள்?

புதூர்நாட்டுப் பிள்ளை மலை இறங்கி, திருப்பத்தூர் போய், காலேஜ் முடித்து, இருட்டுவதற்குள் ஊர் திரும்பணும். கடைசி பஸ்ஸை விட்டால் என்ன கதி? பல்கலைக்கழகம் வேலூரையும் தாண்டி சேர்க்காட்டில் இருக்கிறது. இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேலே. ஆகவே நம் பிள்ளைக்கு முதல் வகுப்பறை எது தெரியுமா? விடுதிதான். 2025இல் விடுதிகளுக்குச் 'சமூகநீதி விடுதி' என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். பெயர்ப்பலகை மாட்டினால் போதாது. உள்ளே படுக்க இடமும் வேணும்.

இப்போது நிலத்துக்கு வருவோம். எத்தனை பிள்ளை, எத்தனை அறை, எத்தனை மாடி என்று எண்ணிவிட்டுத்தான் எத்தனை ஏக்கர் என்று கேட்கணும். நம் நாட்டில் முதலில் ஏக்கரை வளைக்கிறார்கள், பிறகுதான் எண்ணுகிறார்கள்.

தஞ்சாவூரைப் பாருங்கள். 1981இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் வந்தது. சுமார் ஆயிரம் ஏக்கர். வானத்திலிருந்து பார்த்தால் 'தமிழ்நாடு' என்று எழுத்து தெரிகிற மாதிரி கட்டடம் கட்டத் திட்டம். எல்லா எழுத்தும் எழும்பவில்லை. பின்னாளில் அந்த நிலத்தில் ஒரு பகுதி கலெக்டர் ஆபீசுக்குப் போனது. தமிழுக்குப் பல்கலைக்கழகம் வந்தது நமக்குப் பெருமைதான். ஆனால் எழுத்து எழும்பும் முன்னே நிலம் போய்விட்டதே, அதைத்தான் சொல்கிறோம்.

ஆந்திராவில் பழங்குடிகளுக்கு ஒரு மத்தியப் பல்கலைக்கழகம் தருகிறோம் என்று 2014இல் சட்டத்திலேயே எழுதினார்கள். 2019இல் விஜயநகரத்தில் ஒரு பழைய வளாகத்தில் வகுப்பு தொடங்கியது. முதலில் ஒரு இடம் பார்த்தார்கள், ஆட்சி மாறியதும் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அடிக்கல் நட்டது 2023இல். இடையில் அவதிப்பட்டது யார்? பிள்ளைகள்தான்.

சட்டம் நமக்கு என்ன தருகிறது? தமிழ்நாட்டில் ஒரு அங்குல நிலம்கூட ஐந்தாவது அட்டவணையில் இல்லை. அந்தப் பாதுகாப்பு நம் மலைக்குக் கிடையாது. ஆனால் 2006ஆம் வருஷ வன உரிமைச் சட்டம் நமக்கு உண்டு. அதன்படி பள்ளிக்கூடம், தொழிற்பயிற்சி நிலையம் போன்றவற்றுக்கு வன நிலம் கேட்கலாம். ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்குள், அதாவது இரண்டரை ஏக்கருக்குள் இருக்கணும். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. கிராம சபை பரிந்துரை கட்டாயம் வேணும். பல்கலைக்கழகம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, பெரிய வளாகம் என்று யாராவது வரைபடத்தோடு வந்தால், எந்தச் சட்டப்படி என்று கேளுங்கள்.

பட்டா நிலத்தை எடுப்பதாக இருந்தால் 2013ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. சமூகப் பாதிப்பை ஆய்வு செய்யணும், மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கணும். எடுத்த நிலம் 5 வருஷம் சும்மா கிடந்தால் உரியவருக்கோ வாரிசுக்கோ திரும்பணும், இல்லாவிட்டால் அரசின் நில வங்கிக்குப் போகும். அந்த 'இல்லாவிட்டால்' நமக்கு வேண்டாம். நிலம் உழுதவனிடமே திரும்பும் என்று முதலிலேயே எழுதி வாங்கணும்.

ஆகவே நாம் கேட்பது இவைதான்:

1. அடுத்த சேர்க்கைக்கு முன்னால் திருப்பத்தூரில் மலைப் பிள்ளைகளுக்கு, பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியாக, கூடுதல் விடுதி இடம். சொந்தக் கட்டடம் எழும்பும்வரை வாடகைக் கட்டடமாவது பிடித்துத் தரணும்.

2. கல்லூரிக்கு இடம் பார்த்தால் முதலில் காலியான அரசுக் கட்டடம், அடுத்து புறம்போக்கு. பட்டா நிலம் கடைசியில்தான். அதுவும் மேலே மாடி கட்டியும் இடம் போதாது என்று காட்டிய பிறகு.

3. வன உரிமை மனுக்கள் எல்லாவற்றையும் முடித்துப் பட்டா கொடுத்த பிறகே எந்த நிலத்திலும் சங்கிலி போட்டு அளக்கணும்.

4. திட்டமும் வரைபடமும் தமிழில் கிராம சபையில் வைக்கப்படணும். வெற்றுத் தாளில் யாரும் கையெழுத்து, கைநாட்டு வைக்கக் கூடாது.

தாய்மார்களே, வன உரிமைக்கான கிராம சபையில் பாதிப் பேராவது வரணும், வந்தவர்களில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்கணும் என்பது விதி. நீங்கள் வராவிட்டால் தீர்மானமே செல்லாது. அடுப்பு வேலை கொஞ்சம் காத்திருக்கட்டும்.

சாமை விளைகிற மண்ணும் நம்முடையது, படிக்கப் போகிற பிள்ளையும் நம்முடையது. ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டோம். இரண்டையும் கேட்டு வாங்குவோம். வாருங்கள், கிராம சபையில் சந்திப்போம்!